கொட்டாஞ்சேனைக் குழாயடியில் ஐந்து வல்லரசுகள்

கொட்டாஞ்சேனையில் எங்கள் லைன் வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு தண்ணீர்க் குழாய்தான். ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டபோது பயந்து ஓடிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. யுத்தம் முடிந்து மன்னாரிலிருந்து சிறு பிள்ளையோடு திரும்பி வந்தேன். ஓடாமல் இருந்தவர்கள் அதற்குள் குழாய் முறையைத் தங்களுக்குள் பங்கு போட்டிருந்தார்கள். என் குடத்தை வரிசையில் வைத்தால் காலால் தள்ளிவிடுவார்கள். தண்ணீர் கிடைக்காவிட்டால் மன்னாருக்கே போய்விடுவோம் என்றார் கணவர். மாமியார் வீட்டில் இன்னொரு வருடமா? செத்தாலும் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

குழாயடியில் ஒரு நாள் குடத்தால் அடித்து ஒருத்தியின் மண்டை உடைந்தது. அதன் பிறகுதான் நானா தலையிட்டார். அவர் துறைமுகக் கந்தோரில் கிளார்க். லைனின் கடைசி வீட்டிலிருந்த முஸ்லிம் மனிதர்; அண்ணன் என்ற முறையில் எல்லோரும் நானா என்றே கூப்பிடுவோம். இங்கிலீஷ் பேப்பரை எழுத்தெழுத்தாக வாசிப்பவர். யுத்தத்தில் வென்ற நாடுகள் அமைத்த புதிய சபையைப் பற்றி அவர்தான் எங்களுக்கு விளக்கினார். பதினொரு உறுப்பினர், அவர்களில் ஐந்து பேர் நிரந்தரம். அந்த ஐவரில் ஒருவர் 'மாட்டேன்' என்றால் எல்லாம் குப்பையில். அவர்கள் யாரும் மறுக்காமல் போதிய கைகள் உயர்ந்தால் உலகமே கட்டுப்பட வேண்டும்.

"கட்டுப்படுறதெண்டா, பிடிக்காதவனும் கட்டுப்படோணும்," என்றார் நானா. இடிந்துபோன நாடுகளின் தலையெழுத்தை அங்கேதான் எழுதுகிறார்களாம். ஒரு துறைமுக நகரத்தைத் தங்கள் பொறுப்பில் எடுத்துவிட்டு, அதற்கு ஓர் ஆளுநரைப் போட முடியாமல் இழுபடுகிறார்கள் என்று சொல்லிச் சிரித்தார்.

இலங்கைக்கே அங்கே நாற்காலி கிடையாது. எங்கள் லைனிலோ குழாய்க்கென்று நானா அதே மாதிரி ஒரு சபையைக் கூட்ட, உடனே ஐந்து வல்லரசுகள் முளைத்துவிட்டன. குண்டுக்கு ஓடாமல் இருந்த ஐந்து வீட்டாரும் நிரந்தர உறுப்பினர்கள். நான் பேசலாம், கை தூக்கக் கூடாது. எரிச்சலாக வந்தது. என் தண்ணீருக்கு என்னைத் தவிர எல்லோரும் வாக்களிப்பார்களாம்!

ஐவரில் நான் பயந்தது மீன் விற்கும் அக்கா ஒருத்திக்குத்தான். முகத்துவாரத்தில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக விற்பவள்.

"நாங்க பதுங்குகுழிக்குள்ள கிடந்து நடுங்கினம். நீங்க மன்னாரில கருவாடு திண்டுகொண்டு இருந்தனீங்க," என்றாள் சபையில்.

"பிள்ளை வயித்தில இருந்தது அக்கா. குழிக்குள்ளயா பெற?" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திரும்பி வந்தவர்களுக்கும் முறை கொடுப்பது என்ற பிரேரணைக்குப் போதிய கைகள் உயர்ந்தன. அவள் கை மட்டும் மடியிலேயே கிடந்தது. நானாவுக்கு மஃரிப் என்னும் அந்தித் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. "ஆராவது மறுக்கிறீங்களா?" என்று அவர் அவசரமாகக் கேட்கவும் வேதக்கோயில் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. அந்தி மணி கேட்டால் கத்தோலிக்கர் நாங்கள் எழுந்து திரிகாலச் செபம் சொல்வோம். நடுவில் யாரும் வேறு பேச்சுப் பேசமாட்டார்கள். மீன்கார அக்காவும் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். எனக்குச் செபத்தில் மனம் போகவேயில்லை. அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செபம் முடிந்ததும் நானா அவளைப் பார்த்துக் கொஞ்சம் பொறுத்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"பெரிய சபையிலயும் சும்மா இருந்தா மறுத்ததா எடுக்கிறேல்ல," என்று சொல்லிவிட்டுத் தொழப் போய்விட்டார்.

மறுநாள் காலை வரிசையில் குடத்தை வைத்தேன். வழக்கம்போல ஒருத்தி காலை நீட்டினாள். மீன்கார அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு நடுவில் வந்து நின்றாள்.

"காலை எடடி. முடிவெடுத்தாச்சு."

"உனக்கும் விருப்பமில்லைத்தானே அக்கா?"

"இப்பவும் விருப்பமில்லை. நான் இருந்த சபை. நானே மதிக்காட்டி வேற ஆர் மதிப்பினம்?"

குடத்தைத் தானே குழாயின் கீழ் தள்ளித் திறந்துவிட்டாள். நிறையும்வரை அங்கேயே நின்றாள். பிறகு என்னைப் பார்த்து, "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? கூடையைத் தூக்கிவிடு," என்றாள். நான் தூக்கி அவள் தலையில் வைத்தேன்.