சுறா எண்ணெய் பூசிய விமானம்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அந்தக் கோபத்தில் ஒரு தடவை ஒரு விமானத்துக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அப்போது நான் ராமநாதபுரம் தாலுகா ஆபீசில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர். பெரியபட்டினத்திலிருந்து ஒரு சங்கு வியாபாரி மாதம் தவறாமல் மனு அனுப்பிக்கொண்டிருந்தார். "தங்கள் விமானத்தை வந்து எடுத்துக்கொள்ளவும்" என்பதுதான் மனு. முதல் மூன்றையும் யாரோ கிறுக்கன் என்று ஓரமாக வைத்தேன். நான்காவதில், தாம் இந்த வருஷம் ஹஜ்ஜுக்குப் போவதாகவும், விமானத்தை ஒப்படைக்காமல் கப்பல் ஏற முடியாது என்றும் எழுதியிருந்தார்.

தாசில்தார் படித்துவிட்டு, "போய்ப் பாத்துட்டு வாங்க. இருந்தா இருக்குன்னு எழுதுங்க. இல்லாட்டி பைத்தியம்னு எழுதி முடிச்சிருங்க" என்றார்.

இருந்தது. கடற்கரையை ஒட்டி, அவர் சங்கு சேர்த்து வைக்கும் கிட்டங்கி. அதன் ஒரு பக்கச் சுவரை இடித்து, ஓலை வேய்ந்து நீட்டி, உள்ளே நிறுத்தியிருந்தார். மஞ்சள் நிறம், மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை, முன்னும் பின்னும் ஒவ்வோர் இருக்கை. பட்டாளத்தில் விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கானது. பார்ப்பதற்கு முன்பே நாற்றம் வந்து மூக்கைப் பிடித்தது. நான் கைக்குட்டையை எடுத்தேன்.

"சுறா எண்ண" என்றார் வியாபாரி. அறுபது வயதிருக்கும். வெள்ளைத் தாடி, வெள்ளைச் சட்டை, ஒரு கறை இல்லை.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மறுவருஷம், பெட்ரோல் தீர்ந்துபோய் அது கரை மணலில் வந்து இறங்கியிருக்கிறது. பழகவந்த பிள்ளை ஒருவன்தான் உள்ளே. அடி ஒன்றும் இல்லை. வியாபாரி வீட்டில் சாப்பிட்டுவிட்டு, மாட்டுவண்டியில் ராமநாதபுரம் ஸ்டேஷனுக்குப் போனான். போகும்போது, ஆட்களோடு வந்து எடுத்துக்கொள்வதாகவும் அதுவரை பார்த்துக்கொள்ளும்படியும் சொன்னான். பத்து வருஷமாக ஆள் வரவில்லை.

"பாத்துக்கிறேன்னு சொல்லிட்டேன் தம்பி. சொன்னா அது அமானிதம். அடுத்தவன் நம்பிக் குடுத்த பொருளைத் திருப்பிக் குடுக்காம ஹஜ்ஜுக்குப் போனா, அந்த ஹஜ்ஜு கூடுமா?"

ஊரில் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பயணம் சொல்லி, செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டு முடித்துவிட்டார். பாக்கி இந்த ஒன்றுதான்.

அவர் பார்த்துக்கொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். அந்த ஊரில் வள்ளத்தைத் தவிர வேறு எதைப் பராமரித்து யாருக்குப் பழக்கம்? வள்ளம் கட்டும் ஓடாவியைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். ஓடாவி வருஷா வருஷம் மழைக்கு முன்பு, இடுக்கு விடாமல் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைத்து, துணி இறக்கைகளுக்குச் சுறா எண்ணெய் பூசியிருக்கிறார். புகைபோக்கிக் குழாயையும் அடைத்துவிட்டார். துணி பலகைபோல இறுகிப்போயிருந்தது.

"ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போவாது சார்" என்றார் ஓடாவி.

"பறக்கிற வண்டிக்குள்ள தண்ணி ஏன்யா போவப்போவுது?"

"போவாதுன்னுதான சார் நானும் சொல்றேன்."

நான் பட்டாளத்துக்கு விவரமாக எழுதி அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து அவர்களுடைய விமானப் பயிற்சிப் பள்ளியிலிருந்து பதில் வந்தது. மேற்படி விமானம் ராமநாதபுரம் கரைக்கு அப்பால் கடலில் விழுந்து முழுதாக மூழ்கிவிட்டது, ஓட்டியவர் பல மணி நேரம் நீந்திக் கரை சேர்ந்ததற்காகப் பாராட்டப்பட்டார், கோப்பு முடிக்கப்பட்டது, இனி கடிதம் எழுத வேண்டாம்.

அதை எடுத்துக்கொண்டுபோய் வியாபாரிக்குப் படித்துக் காட்டினேன்.

"நீந்துனாரா?" என்றார் அவர். "நம்ம வீட்டுல ரெண்டு தடவ மீன் ஆணம் ஊத்திச் சாப்புட்டாரே தம்பி."

"விட்டுருங்க பாய். உடையவனே இல்லைங்கிறான்."

"இல்லைங்கல தம்பி. கடல்ல இருக்குங்கிறாக." தாடியைத் தடவிக்கொண்டார். "அவுக இருக்குன்னு சொன்ன எடத்துல கொண்டுபோயி வச்சிட்டா, ஒப்படைச்ச மாதிரிதான?"

நான் தடுத்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கோப்பைத் திருத்துவதைவிட உலகத்தைத் திருத்துவது சுலபம் என்பது எங்கள் ஆபீசில் பியூனுக்குக்கூடத் தெரியும்.

பம்பாய்க்கு ரயில் ஏற நாலு நாள் இருந்தபோது, காலையில் ஊரே கூடி விமானத்தை உருட்டித் தண்ணீரில் இறக்கியது. இரண்டு வள்ளங்களில் கயிறு கட்டி இழுத்துப்போனார்கள். வியாபாரி ஒன்றில், நானும் ஓடாவியும் ஒன்றில். ஆழமான இடம் வந்ததும் அவர் பிஸ்மி சொல்லிக் கயிற்றை அவிழ்த்தார்.

விமானம் மூக்கை நீருக்குள் விட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு, இரை தேடும் வாத்து மாதிரி மிதந்தது. காத்திருந்தோம். வெயில் ஏறியது. அது ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. உள்ளே தண்ணீர் போனால்தானே இறங்கும்?

"அடைப்பை எடுய்யா" என்று ஓடாவியிடம் கத்தினேன்.

"என் கையால அடச்சது சார். நல்லா மிதக்கிறத முக்கச் சொல்றீகளே, அது பாவம்ல?"

கடைசியில், நடுக்கடலில் அதுவாக முங்கட்டும் என்று விட்டுவிட்டுத் திரும்பினோம். அது சோழகம் அடிக்கிற மாசம் என்பது ரெவின்யூ இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது. மற்றவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெற்கிலிருந்து அடித்த காற்று, சாயங்காலத்துக்குள் விமானத்தை அந்தக் கிட்டங்கி வாசலுக்கே தள்ளிக்கொண்டு வந்து மணலில் ஏற்றிவிட்டது. பத்து வருஷத்துக்கு முன்பு இறங்கிய அதே இடம். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன்.

வியாபாரி சிரிக்கவில்லை. ஈர மணலில் உட்கார்ந்து இறக்கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அல்லா வேணாங்கிறான் தம்பி. நான் போவல."

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. நீந்தாமல் நீந்தியவன் மீது வந்தது, கடிதம் எழுதாதே என்று கடிதம் எழுதியவன் மீது வந்தது, சிரித்த என் மீதும் வந்தது. பையிலிருந்து தாளை எடுத்து முழங்காலில் வைத்து எழுதினேன்: "விமானம் ஒன்று, நல்ல நிலையில், நனைந்தது, அரசாங்கத்தின் சார்பில் பெற்றுக்கொண்டேன்." கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினேன். எனக்கு அப்படி ஒரு அதிகாரமும் கிடையாது.

அவர் தாளை வாங்கிப் படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க பாத்துக்குவீகளா?"

"பாத்துக்கிறேன்" என்றேன்.

அவர் போனார். போய் நல்லபடியாகத் திரும்பியும் வந்தார். மொட்டையடித்த தலையோடு ஒரு நாள் என் வீட்டு வாசலில் நின்றார். பேரீச்சம்பழமும் ஒரு சின்னக் குப்பியில் ஜம்ஜம் தண்ணீரும் கொடுத்தார். அங்கே எனக்காகவும் துஆ கேட்டதாகச் சொன்னார். பிறகு குனிந்து, காலடியில் வைத்திருந்த தகர டின்னை எடுத்து நீட்டினார். மூடியிருந்தும் நாறியது.

"ஐப்பசி மழ வருது தம்பி. அதுக்குள்ள ஒரு கை பூசிருங்க. நான் தொடப்படாது பாருங்க, இப்ப அது உங்க அமானிதம்."

வேறு வேலை இல்லையா எனக்கு என்று கத்த வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒரு கவலையும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியபட்டினம் பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.