ஜப்பான் பெட்டிக்குள்ள போன கிட்டார்

என் பேரு லோகநாதன். ஹேவாஹெட்ட பக்கத்துத் தோட்டத்துல பொறந்து, இப்ப பேராதனை கெம்பஸ்ல லேப் கண்ணாடிச் சாமான் கழுவிச் சம்பளம் வாங்குறவன். அது வெள்ளிக்கெழமை வரைக்கும். சனி, ஞாயிறு நான் கலைஞன். அப்படிச் சொல்றது நான் மட்டுந்தான். என் பொஞ்சாதி சுகிர்தா, "கல்யாண வீட்டுல கிட்டார் அடிக்கப் போயிருக்காரு"ன்னுதான் சொல்லுவா.

பதினோரு வருசமா அரூஸோட பேண்ட்ல இருக்கேன். அரூஸ் அலவத்துகொடக்காரன், கீபோர்ட் வாசிக்கிறவன், எங்க நாலு பேருக்கும் தலைவன். அந்த மேடை இல்லாட்டி நான் யாரு? சலவைச் சோடாத் தண்ணியில கை வெளுத்துப்போன ஒரு ஆளு, அவ்வளவுதான். அதனால அந்த இடம் போயிருமோன்னு எனக்கு எப்பவும் உள்ளுக்குள்ள ஒரு பயம்.

அந்தப் பயத்துல வாங்கினதுதான் இந்த ரெக் பெட்டி. டிவிடி பிளேயர் அளவு, இரும்புச் சட்டத்துல திருகி மாட்டணும். கிட்டார் சத்தம் ஸ்பீக்கருக்குப் போறதுக்கு முந்தி இதுக்குள்ள போயி, குளிச்சு, பவுடர் போட்டு வெளிய வரும். பழைய ஜப்பான் சாமான், நூறு வோல்ட்லதான் ஓடும். நம்ம கரண்டை அதுக்கேத்த மாதிரி கொறைக்க அம்மிக்கல்லு பாரத்துல ஒரு ட்ரான்ஸ்போமர் வேற. ரெண்டையும் தூக்கிக்கிட்டு பஸ்ல ஏறினா, கண்டக்டர் என்னைய மேலயும் கீழயும் பார்ப்பான்.

வீட்டு அறையில, காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு ஒரு மாசம் டோன் தேடினேன். கனத்த சத்தம், அதான் பேஸைக் கூட்டினேன்; கீச்சுச் சத்தம், ட்ரெபிளைக் கூட்டினேன். ரெண்டுக்கும் நடுவுல உள்ள மிட்ல் அசிங்கமா கேட்டுச்சு, சுத்தமா எடுத்துட்டேன். எதிரொலி அஞ்சு தடவை வர்ற மாதிரி வச்சேன். ஆகா! ஒத்தக் கம்பியத் தட்டினா கோயில் மணி மாதிரி நின்னு கேக்குது. எனக்கே என்மேல மரியாதை வந்துருச்சு.

கட்டுகஸ்தோட்டைல ஒரு கல்யாணம். பெட்டியப் போட்டேன். ட்ரம்ஸும் கீபோர்டும் ஆரம்பிச்சதும் என் கிட்டாரைக் காணோம். சத்தத்தைக் கூட்டினா "உம்"முன்னு ஒரு உறுமல் மட்டும். அதையாவது பொறுத்துக்கலாம். கடைசியில எல்லாரும் எழும்பி ஆடுற பைலாப் பாட்டு வந்துச்சே! பைலா போடாம எங்க பக்கத்துல எந்த பேண்டும் மேடைய விட்டு எறங்க முடியாது. நான் ஒரு தட்டு தட்டினா பெட்டி மேல அஞ்சு தட்டு தட்டுது. பொண்ணோட மாமாமாருக எந்தத் தட்டுக்குக் காலைக் கீழ வைக்கிறதுன்னு தெரியாம ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. ஒருத்தரு கோவத்துல போயி கதிரையிலயே உக்காந்துட்டாரு.

முடிஞ்சதும் அரூஸ் வந்தான். "மச்சான், மத்தப் பாட்டெல்லாத்துலயும் ஒன்ட கிட்டாரத் தேடினன், கெடைக்கல்ல. பைலாவுக்கு மட்டும் ஆறு பேர் வந்து வாசிச்சாங்க. வாற சனி கம்பளைல கல்யாணம் ஈக்கி. அங்கயும் இப்படியெண்டா கிட்டாரயும் நானே கீபோர்ட்ல வாசிக்கிறன். கோவிக்காத."

வீட்டுக்கு வந்து மண்டபத்துக் கூரையைத் திட்டினேன், கரண்டைத் திட்டினேன், மழையைத் திட்டினேன். "மிச்சம் இருக்கிறது கல்யாணப் பொண்ணுதான், அதையும் திட்டிருங்க"ன்னா சுகிர்தா.

புதன்கெழமை லீவு போட்டுட்டு, எங்க ட்ரம்ஸ்காரன் அஹ்னாப் வீட்டுக்குப் பெட்டியத் தூக்கிட்டுப் போனேன். "நீ மேடையில அடிக்கிற மாதிரியே அடி, நிப்பாட்டாத"ன்னேன். அவன் அடிக்க அடிக்க நான் வாசிச்சுக்கிட்டே ஒவ்வொரு குமிழாத் திருகினேன். பேஸைக் கொறைச்சேன். பெட்டிக்குள்ள போற சத்தத்தோட அளவு, கெயினைப் பாதியாக்கினேன். எதிரொலியை நிப்பாட்டினேன். ரிவேர்ப்ங்கிற மண்டப முழக்கம் உப்புப் போடுற மாதிரி ஒரு சிட்டிகை. கடைசியா, நான் வேணாம்னு தொரத்தின மிட்லைக் கூட்டினேன். அடேயப்பா! கிட்டார் ட்ரம்ஸுக்கு நடுவால எழும்பி வெளிய வந்துச்சு. தனியாக் கேட்டா தகரம்தான். கூட்டத்தோட கேட்டா ஒவ்வொரு கம்பியும் தெரியுது. சத்தியமா எனக்கு அழுகை வந்துருச்சு. ஒரு மாசமா நான் அழகு பார்த்தது, கூட வேற யாருமே வாசிக்காத அறையில!

கம்பளைல மேடை ஏறினேன். பின்வரிசையில சோறு தின்னுக்கிட்டிருந்தவங்க கூட தலையத் தூக்கிப் பார்த்தாங்க. பைலாவுல ஒவ்வொரு தட்டும் பளிச்சுன்னு விழுந்துச்சு. ஒருத்தரும் உக்காரல. நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு வாசிச்சேன், பார்க்கச் சகிக்காம இருந்திருக்கும்.

வயரைச் சுத்திக்கிட்டிருக்கும்போது அரூஸ் பக்கத்துல வந்து நின்னான்.

"டோன் அந்த மாதிரி மச்சான். இன்டைக்குத்தான் ஒன்ட கிட்டார் முழுசா வெளங்கிச்சி."

"தேங்க்ஸ் மச்சான்!"

"அதுலதான் ஒண்டு கேக்கணும். பைலாவுல ரெண்டாவதா விரல் மாத்துற எடம் பிழை. எத்தின வருசமா அப்படி வாசிக்கிற?"

"எந்த எடம்?"

கீபோர்டை மறுபடி திறந்து, நான் வாசிக்கிறதை வாசிச்சுக் காட்டினான். பொறகு வாசிக்க வேண்டியதை வாசிச்சான். எனக்கே விளங்கிருச்சு. இத்தனை நாளும் அந்தப் பிழை மத்தச் சத்தத்துல அமுங்கிக் கெடந்திருக்கு. பதினோரு வருசம்! அஹ்னாப் ட்ரம் உறைக்குள்ள தலைய விட்டுக்கிட்டுச் சிரிக்கிறான்.

"அப்ப... நான் இனி வர வேணாமா?" சுத்தின வயரையே மறுபடி சுத்திக்கிட்டுக் கேட்டேன்.

"என்ன பேச்சு மச்சான் இது? பெட்டி சரியா ஈக்கி, இனி விரலப் பார்ப்பம். செவ்வாக்கெழம வீட்டுக்கு வா."

வெக்கத்துல காது வரைக்கும் சூடாயிருச்சு. ஆனா செவ்வாய்க்கெழமை வான்னுட்டான். அப்பன்னா அடுத்த கல்யாணத்துலயும் நான் இருக்கேன்.