அஞ்சு நம்பர் மலை

எங்கள் எம்.பி. பாராளுமன்றத்தில் ஐந்து மலைகளைக் கேட்டார் என்று சிங்களப் பத்திரிகையில் வந்த அன்று காலை என் போன் ஓயவில்லை. நான் அவருடைய இணைப்புச் செயலாளர். கேகாலை மாவட்டத் தோட்டங்களில் என்ன கோளாறு நடந்தாலும் என் தலையில்தான் விடியும்.

அவர் கேட்டது ஒரே ஒரு துண்டு நிலம். அரநாயக்கப் பக்கத் தோட்டமொன்றில் தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்திருந்தது. மழைக்கு முன் அங்கிருந்த குடும்பங்களை இடம் மாற்ற வேண்டும். அந்தத் தோட்டத்தில் சமதரை என்றால் அது அஞ்சு நம்பர் மலைதான். கொழுந்து பறிக்கிற இடம் மேடோ பள்ளமோ, எங்கள் ஆட்களுக்கு அது மலை. வேலைக்குப் போவதையே மலைக்குப் போவது என்போம். தலைவர் சபையில் அந்தப் பெயரையே சொல்லிக் கேட்டார். உரைபெயர்ப்பாளர் எந்த ஊர்க்காரரோ, பாவம், 'கந்து பஹக்' என்று சிங்களத்தில் சொல்லிவிட்டார். ஐந்து மலைகள்! இன்றைக்கு மலை, நாளைக்குத் தனி நாடா என்று எதிரில் ஒருவர் எழுந்துவிட்டார். காணி தரச் சம்மதித்திருந்த தோட்டக் கம்பெனி அன்றே பின்வாங்கியது.

தலைவர் வரக்காப்பொலையில் வளர்ந்தவர். அவர் சிங்களத்தில் பேரம் பேசினால் கடைக்காரரே தோற்றுப்போவார். ஆனால் பதவியில் இருக்கும்வரை தமிழில் மட்டுமே பேசுவேன் என்று மேடைக்கு மேடை சத்தியம் செய்திருந்தார். அந்தச் சத்தியத்துக்குத்தான் வோட்டு விழுந்தது. சிங்களத்தில் ஒரு வரி விளக்கம் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

"தப்பு அவங்களோடது, சேவியர். நான் ஏன் என் பாஷைய விடணும்?" என்றார்.

நியாயம்தான். நியாயத்தை முட்டுக் கொடுத்து மண்ணை நிறுத்த முடியுமா?

மழை பிடித்தது. மேல் லயத்து ஸ்டெல்லா தலைவரைத் தேடி அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"ஐயா, செவத்து வெடிப்புல இப்ப கை நுழையுதுங்க. அந்த வீட்டுக்குள்ளதான் பிள்ளைங்கள படுக்க வைக்கிறோம்."

அடுத்த மாவட்டக் கூட்டத்தில் தலைவர் எழுந்து சிங்களத்திலேயே பேசினார். எங்கள் ஆட்கள் மலை என்பது தேயிலை நிற்கும் இடத்தை, அதற்கு உயரம்கூட வேண்டியதில்லை என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கம்பெனிக்காரர் தலையாட்டினார். இத்தனை நாள் இழுபறி அவ்வளவு சுலபமாக முடிந்தது. குடும்பங்கள் கீழே இறங்கின. பிறகு லயத்தின் பாதி சரிந்தபோது உள்ளே யாரும் இல்லை.

அந்தப் பேச்சை யாரோ போனில் பிடித்து, தமிழை விற்றவர் என்று ஃபேஸ்புக்கில் போட்டார்கள். அடுத்த தேர்தலில் தலைவருக்கு விருப்பு வாக்கு போதவில்லை. தோற்றார்.

அஞ்சு நம்பர் மலையில் கட்டிய புது வீட்டில் ஸ்டெல்லா எனக்குத் தேத்தண்ணி கொடுத்தார். யாருக்கு வோட்டுப் போட்டீர்கள் என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவர் மறைக்கவில்லை.

"அவரு நல்ல மனுசன்தாங்க. அவரு இல்லன்னா பிள்ளைங்க இல்ல. ஆனா தமிழ்லதான் பேசுவேன்னு சத்தியம் பண்ணிட்டு, அவங்க பாஷையில போய்க் கேட்டாரே. வெக்கமாப் போச்சுங்க."

கோபத்தில் பாதித் தேத்தண்ணியோடு எழுந்து வந்துவிட்டேன். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் தலைவரை மேடையில் சத்தியம் மட்டும் செய்ய விடாதீர்கள். அரசியல்வாதி பேச்சை ஜனங்கள் நம்புவதில்லை என்பார்கள். நம்பிவிடுகிறார்கள், அதுதான் வம்பு.