கிணற்றடியில் எழுப்பிய அன்ரனா

போன வருஷம் ஆவணி மாதம். தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று இன்னும் ஓயவில்லை. உரும்பிராயில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில், காலை வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில் நடந்தது இது.

என் அண்ணை கனடாவிலிருந்து வந்திருந்தார். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டே பிள்ளைகள். என் கலியாணத்துக்கு அவசரமாக வந்து போனதைத் தவிர, அவர் ஆறுதலாக வந்து நின்றது இதுதான் முதல் தடவை. கூடவே மகளும் வந்திருந்தாள். கம்பஸில் படிக்கிற பிள்ளை. தமிழ் நன்றாக விளங்கும், கதைக்கத்தான் கொஞ்சம் வெட்கம். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சும்மா கேட்டாள்: "மாமி, உங்களுக்குச் சின்ன வயசிலை ரீவி இருந்ததோ?"

அவ்வளவுதான். அண்ணையும் நானும் சாப்பாட்டை மறந்துவிட்டோம்.

எண்பதுகளில் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், முதலில் தொலைக்காட்சி வாங்கியவர் எங்கள் அப்பா. கறுப்பு வெள்ளை. இழுத்து மூடுகிற கதவு வைத்த மரப்பெட்டி அது. படம் பார்க்காத நேரத்தில் பெட்டியைப் பூட்டி, மேலே ஒரு பின்னல் துணியும் விரித்து வைப்பார் அம்மா. காற்றும் வானமும் நல்லாயிருந்தால் கடல் தாண்டி இந்திய நிலையம் வரும். வெள்ளிக்கிழமை பின்னேரம் பாட்டு. ஞாயிற்றுக்கிழமை படம். ஹோலில் பாய் விரித்தால் அரைவாசி ஒழுங்கை அங்கே இருக்கும். ஹிந்தியில் ஒரு சாமித் தொடர் போனது. ஒரு சொல்லும் ஒருவருக்கும் விளங்காது. ஆனாலும் அம்மா பெட்டிக்கு முன்னால் விளக்குக் கொளுத்தி வைத்துவிட்டுக் கும்பிட்டபடி பார்ப்பார். கொழும்பு நிலையத்தில் சிங்களம் கதைக்கிற காட்டூன் வரும். அண்ணையும் நானும் முதலில் படித்த சிங்களச் சொற்கள், ஒரு நரி இன்னொரு நரியை ஏசின சொற்கள்தான்.

இதில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு பெரிய உத்தியோகமும் இருந்தது. அன்ரனா திருப்புவது. அண்ணை கிணற்றடியில் நின்று அன்ரனா கட்டிய இரும்புக் குழாயைத் திருப்புவார். நான் யன்னலில் நின்று கத்துவேன்.

"இப்ப தெரியுதோ?"

"இல்லை, ஒரே புள்ளி!"

"இப்ப?"

"ஆள் தெரியுது, தலை இல்லை!"

அண்ணையின் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கேட்டாள், அந்த அன்ரனா இப்போது எங்கே என்று.

அது இருந்தது. சண்டைக் காலத்தில் கரண்ட் போய், வருஷக் கணக்காக மண்ணெண்ணெய் விளக்கோடு இருந்தோம். பிறகு இடம்பெயர்ந்தோம். திரும்பி வந்து பார்த்தபோது ரீவி இல்லை, யன்னல் கதவுகள்கூட இல்லை. அன்ரனா மட்டும் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் குழாயோடு விழுந்து கிடந்தது. கரண்டே இல்லாத ஊரில் அதை எவர் தூக்கிக்கொண்டு போவார்? அப்பா அதைத் துடைத்துச் சாமான் அறையில் வைத்தார். அப்பா போன பிறகும் எறிய எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த நாள் காலமை நான் எழும்பி வந்து பார்த்தால், அண்ணை அந்த அன்ரனாவை முற்றத்தில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது தாண்டிய மனிதர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பு.

"தங்கச்சி, அறைக்குள்ளை கிடக்கிற உங்கடை பழைய கலர் ரீவி வேலை செய்யுமோ?"

என் கணவருக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "மச்சான், கூரையிலை டிஷ் இருக்கு. இருநூறு சானல் வருது. உதை என்னத்துக்கு?" என்றார். ஆனால் கனடாவிலிருந்து வந்த மச்சான் ஆசைப்பட்டுக் கேட்கும்போது எவ்வளவு நேரம்தான் மறுப்பது? கடைசியில் அவரும் சாரத்தை மடித்துக் கட்டினார்.

கிணற்றடியில் குழாய் நிறுத்துகிற பழைய சீமெந்துக் கட்டு அப்படியே இருந்தது. ஓட்டைக்குள் அடைந்திருந்த மண்ணை நான் கிண்டி எடுத்தேன். இரண்டு துண்டுக் குழாயையும் பொருத்தி, நுனியில் அன்ரனாவைக் கட்டினோம். வயரை மாட்டினோம். ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. எத்தனையோ வருஷம் அது நின்ற இடம்தானே!

நான் குந்தியிருந்து குழாயின் அடியை ஓட்டைக்குள் பிடித்துக்கொண்டேன். அண்ணையும் என் கணவரும் தோளில் வைத்து மெல்ல மெல்ல மேலே எழுப்பினார்கள். அண்ணையின் மகள் ஒரு கையில் வயர் சுருளையும் மற்றக் கையில் ஃபோனையும் பிடித்துக்கொண்டு வீடியோ எடுத்தாள். குழாய் முக்கால்வாசி நிமிர்ந்தபோது சோளகம் ஒரு அடி அடித்தது. உச்சி ஒழுங்கைப் பக்கம் சரிந்தது. "பிடி, பிடி" என்று அண்ணை சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

அந்த நேரம் ஒழுங்கையில் ஒரு ஸ்கூட்டியின் கோண் சத்தம். விடாமல் அடித்தது. வழி கேட்டு ஆரோ அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். என் கணவர் எரிச்சலோடு, "ஆர் உது காலங்காத்தாலை?" என்றார். அடுத்த கணம் படலை தடாரென்று திறந்தது. ஹெல்மெட் போட்ட ஒரு பெண், வேலைக்குப் போகிற சேலையோடு உள்ளே ஓடி வந்தாள்.

"ஐயோ அண்ணை! மேலை பாருங்கோ! கம்பி! கம்பி!"

அண்ணாந்து பார்த்தேன். ஒழுங்கையோரமாகப் போகிற பெரிய கரண்ட் கம்பி. அன்ரனாவின் நுனி அதை நோக்கி ஆடிக்கொண்டிருந்தது. இடையில் ஒரு கை நீளம்கூட இல்லை.

என் கை குழாயில். இவர்கள் இரண்டு பேரின் தோளும் குழாயில். பிள்ளையின் கையில் வயர். விட்டால் காற்றோடு சேர்ந்து குழாய் நேரே கம்பியில்தான் விழும். பிடித்துக்கொண்டிருந்தால் அடுத்த காற்றுக்கு என்ன ஆகும் என்று தெரியாது.

அந்தப் பெண்தான் நிதானமாக இருந்தாள். கிட்ட வராமல் நின்றுகொண்டே கத்தினாள். "பிள்ளை, நீ வயரை விட்டிட்டு அங்காலை ஓடு! அண்ணை, விடாதேங்கோ. வாழைப் பக்கம் சரியுங்கோ, வாழைப் பக்கம்!"

பிள்ளை வயரைப் போட்டுவிட்டு ஓடினாள். அண்ணையும் என் கணவரும் காற்றுக்கு எதிராகத் தங்கள் முழுப் பலத்தையும் கொடுத்து இழுத்தார்கள். குழாய் ஒரு கணம் அசையாமல் நின்றது. அந்த ஒரு கணத்தில் நான் கும்பிடாத தெய்வம் இல்லை. பிறகு மெல்ல மேற்குப் பக்கம் சாய்ந்து, அங்கே குலை தள்ளி நின்ற இரண்டு வாழைகளை முறித்துக்கொண்டு பெரிய சத்தத்தோடு நிலத்தில் விழுந்தது.

அண்ணைதான் முதலில் அசைந்தார். ஓடிப்போய் மகளைக் கட்டிப் பிடித்தார். அவளின் தலை, தோள், கை எல்லாவற்றையும் தடவித் தடவிப் பார்த்தார். என் கணவர் கிணற்றுக் கட்டில் பொத்தென்று இருந்துவிட்டார். நான் ஈர மண்ணில் இருந்தபடியே அழுதேன். ஏன் அழுதேன் என்று கேட்டால், எல்லோரும் உயிரோடு இருந்தார்கள் என்பதற்காகத்தான்.

அந்தப் பெண் ஹெல்மெட்டைக் கழற்றினாள். முப்பது வயது இருக்கலாம். கழற்றின கையோடே எங்களை ஏசத் தொடங்கினாள். "உங்களுக்கென்ன விசரே? மூண்டு பெரிய ஆக்கள் நிக்கிறியள், ஒருத்தருக்கும் கண் இல்லையே? நான் ரோட்டாலை வரேக்கை அவ்வளவு தூரத்திலையே தெரியுது!"

அவளை உள்ளே கூட்டிப் போய்த் தேத்தண்ணி கொடுத்தேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். கோபம் கொஞ்சம் இறங்கிய பிறகு கேட்டாள்: "உதை ஏன் தூக்கினனீங்கள்?"

அண்ணை பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ரீவி பாக்க."

"அதுதான் கூரையிலை டிஷ் இருக்கே?"

"டிஷ்ஷிலை புள்ளி வராது, தங்கச்சி."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். நாங்களும் சிரித்தோம். கண்ணீர் வரச் சிரித்தோம். வேலைக்கு நேரம் போய்விட்டது என்று எழும்பியவளைப் படலை வரை கொண்டுபோய் விட்டேன். அந்தப் பதட்டத்தில் பேரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கையால் எந்த ஸ்கூட்டி போனாலும் எட்டிப் பார்க்கிறேன். ஹெல்மெட்டுக்குள் முகம் தெரிவதில்லை.

அவள் போன பிறகு கிணற்றடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் சின்ன வயதில் அந்த மூலையில் ஒரு முருங்கைதான் நின்றது. சண்டை முடிந்த பிறகுதான் புதுக் கம்பங்கள் நட்டு அந்தக் கம்பியை இழுத்தார்கள். அண்ணைக்கு அது தெரியாது, சரி. எனக்கு? ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்தபடிதானே உடுப்புக் காயப் போடுகிறேன்! ஆனால் அன்று காலமை நான் நின்றது பழைய வளவில். என் கண்ணில் முருங்கைதான் தெரிந்தது.

பின்னேரம் அண்ணையின் மகள் தேத்தண்ணியோடு வந்து எங்களுக்குப் பக்கத்தில் இருந்தாள். "ரீவி வேண்டாம். நீங்களே செய்து காட்டுங்கோ" என்றாள். அண்ணை எழும்பினார். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு செய்தி வாசித்தார். நான் சவர்க்கார விளம்பரம் பாடினேன். நரியும் நரியும் சிங்களத்தில் ஏசிக்கொண்டன. நடுவில் அண்ணை வாயால் "உஸ்ஸ்" என்று இரைந்து, கையையும் உடம்பையும் உதறிப் புள்ளியாக மாறினார். அவள் யன்னலில் நின்று கத்தினாள்: "தலை தெரியேல்லை!" காலமை அவ்வளவு ஏசின என் கணவர்கூடச் சிரித்துச் சிரித்து இருமினார்.

எல்லாம் ஓய்ந்த பிறகு அண்ணை மெல்லச் சொன்னார்: "எனக்குப் படம் பாக்க ஆசை இல்லை, தங்கச்சி. அந்த இரைச்சல் ஒருக்காக் கேட்டா, குசினிக்குள்ளை இருந்து அம்மா ஏசுறதும் கேக்கும் போலை இருந்தது."

அவரின் தோளைப் பார்த்தேன். குழாய் அழுத்திய இடம் சிவந்து கன்றிப் போயிருந்தது. எழும்பிப் போய் எண்ணெய் எடுத்து வந்து தடவிவிட்டேன்.

அந்தப் பெட்டிக்கு முன்னால் பாயில் இருந்தவர்களில் எத்தனையோ பேர் இன்று இல்லை. அம்மா ஏசினதை ஞாபகம் வைத்திருக்க உலகத்தில் என்னைத் தவிர இன்னும் ஒருவர் இருக்கிறார். முகம்கூடச் சரியாக ஞாபகமில்லாத ஒருத்தி கோண் அடித்ததால்தான் அவர் இருக்கிறார் என்று நினைக்கும் ஒவ்வொரு முறையும் என் நெஞ்சிலிருந்து ஒரு பெரிய மூச்சு இறங்குகிறது.