பதினோராம் பக்கம்

பாளையங்கோட்டையில் பத்திரம் எழுதும் அண்ணாச்சி ஒருவருக்கு நான் செய்து கொடுத்த வேலை அது. கையெழுத்துப் போடுமுன் கட்சிக்காரர்கள் வரைவைத் தங்கள் போனிலேயே பார்க்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டார். சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கட்டி மேய்க்க எனக்குத் தெம்பில்லை. கிளவுட்டில் ஃபங்ஷன் என்று ஒரு குட்டி நிரல் போதும். பிடிஎஃப் வந்து விழுந்தால் அது விழித்துக்கொள்ளும், பக்கங்களைப் படமாக்கி லிங்க் அனுப்பும், மறுபடி படுத்துவிடும். எனக்கும் அப்படி ஒரு பிழைப்பு அமைந்திருக்கலாம்.

அதை ஏற்றி ஓட வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. முதலில் அனுமதி இல்லை என்றது. அனுமதி கொடுத்தால் மெமரி போதாது என்றது. மெமரியைக் கூட்டினால், பெரிய பத்திரங்களைப் பாதியில் போட்டுவிட்டு நேரம் முடிந்தது என்று நின்றது. நேரத்தைக் கூட்டுவது எப்படி என்று தேடக்கூட மனமில்லை. பத்துப் பக்கம் மட்டும் படமாக்கு என்று ஒரு வரி எழுதினேன். ஓடியது. மீதிப் பக்கங்கள் இருக்கின்றன என்று கீழே ஒரு குறிப்பாவது போட்டிருக்கலாம். போடவில்லை. அண்ணாச்சியிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஸ்ரீவைகுண்டத்துப் பெண் ஒருத்தி தன் இரண்டு அண்ணன்களோடு பாகப்பிரிவினைக்கு வந்திருந்தாள். லிங்க் திறக்கவில்லை என்று அண்ணாச்சி கூப்பிட்டதால் நானும் அங்கே இருந்தேன். அவளுக்கு வருவது உள்ளே கிடக்கும் வாழை வயல். ரோட்டுக்கு வர அண்ணன்களின் நிலத்தைத்தான் தாண்ட வேண்டும். பாதை இல்லாவிட்டால் ஒரு வாழைத்தார்கூட வெளியே வராது. அதை எழுதித் தரச் சொல்லி ஒரு வருஷமாக அவர்கள் வீட்டுக்கு நடையாய் நடந்திருக்கிறாள். துபாயில் இருக்கும் புருஷன் வரைவைப் பார்த்துச் சரி என்றால் கையெழுத்து.

சரிசெய்தேன், லிங்க் துபாய்க்குப் போனது. கால் மணி நேரத்தில் அவன் கூப்பிட்டான். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாதையப் பத்தி ஒரு வரி இல்லையே. ஒன் அண்ணன்மாரு ஏமாத்துதானுவ. கையெழுத்துப் போடாத."

எங்கள் பக்கத்துப் பத்திரங்களில் பாதை, தண்ணீர்ப் பாத்தியம் எல்லாம் சொத்து விவரத்தின் வாலில்தான் வரும். இதில் அது பதினோராம் பக்கம். அவன் போனுக்குப் போனதோ பத்துப் பக்கம். அண்ணாச்சி காகிதத்தை எடுத்துக் காட்டுவதற்குள் மூத்தவர் எழுந்துவிட்டார்.

"என்ன வே, நாங்க களவாணிப் பயலுவளா? இனிமே ஒத்த அடி கெடையாது."

இளையவரும் பின்னாலேயே படி இறங்கினார். தப்பு என்னுடையது என்று நான் சொன்னதை இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வெண்ணெ தெரண்டு வாற நேரத்துல தாழி ஒடைஞ்ச கதையாப் போச்சு," என்றார் அண்ணாச்சி. என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பத்தை ஐம்பதாக்கி, நேரத்தையும் கூட்டி, மறுபடி ஏற்ற இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அண்ணாச்சி மூன்று தடவை ஸ்ரீவைகுண்டம் போய் வந்தார். நானும் ஒரு தடவை போய் மன்னிப்புக் கேட்டேன். மூத்தவர் மோர் கொடுத்தார். "ஒங்க மேல கோவம் இல்லம்மா. அவன் வாயில வந்த சொல்லு வந்ததுதான. பாதை மட்டும் கெடையாது," என்றார்.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் தன் பழைய பத்திரங்களைத் திருப்பி வாங்கிப்போக வந்தாள். அந்தப் பக்கத்தைப் போனில் காட்டச் சொன்னாள். காட்டினேன். வண்டி போக்குவரத்துக்கு வழிநடைப் பாத்தியம் உண்டு என்ற வரியை விரலால் பெரிதாக்கி, வாய்க்குள்ளேயே இரண்டு தடவை படித்தாள்.

"இப்ப நல்லாத் தெரியுதுக்கா," என்றாள்.