உம்மா பேசிய கேசட்

மகன் துபாயிலிருந்து அனுப்பிய குரல் செய்தி ஏழு நிமிடம் ஓடியது. "நீங்க நல்லா இருக்கியளா உம்மா?" என்று முடித்திருந்தான்.

மேலப்பாளையத்தில் நான் சிறுமியாக இருந்தபோது, சவூதியிலிருந்த வாப்பாவுக்குக் கேசட்டில்தான் பேசி அனுப்புவோம். "இங்கன எல்லாரும் சுகமா இருக்கோம்" என்றே ஒவ்வொருவரும் தொடங்கவேண்டும். வாப்பாவின் அக்கா, எங்கள் மாமி, எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

ஒருநாள் உம்மா பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கிவைத்துவிட்டுப் பேசினாள்: "எனக்கு இங்கன நல்லா இல்ல. நீங்க வந்துருங்க."

"அழிச்சிட்டு வேற பேசு" என்றாள் மாமி. உம்மா புகையிலைத் தூள் ஒட்டிய கையாலேயே கேசட்டை உருவி, உறையிலிட்டு ஒட்டிவிட்டாள். நோன்புக்கு முன் வாப்பா வந்தார், பிறகு போகவேயில்லை.

மகனுக்குப் பதில் சொல்லப் பட்டனை அழுத்தினேன். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

"இங்கன எல்லாரும் சுகமா இருக்கோம்" என்றேன்.