பிரிட்டோ வைத்திருந்த சிலிண்டர்

நாகல் நகரில் ஆட்டோ ஓட்டும் பிரிட்டோவின் மனைவி செபாஸ்தியம்மாள் கொரோனாவின் ரெண்டாவது அலையில் செத்துப்போனாள். அவருடைய ஆட்டோவிலேயே, ஆஸ்பத்திரி வாசலில். ஆக்சிஜன் கேட்டுப் போன இடத்திலெல்லாம் இல்லையென்று கைவிரித்துவிட்டார்கள்.

அதுவரை கலகலப்பான மனுஷன். பக்கத்து வீட்டு அக்பர் அலியோடு டீ குடிக்காமல் வண்டியை எடுக்கமாட்டார். அதன்பிறகு செல்போனே கதி என்று ஆனார். எங்கோ வெள்ளம், எங்கோ சண்டை, இலங்கையில் பெட்ரோலுக்கு வரிசை. "நாளைக்கு நமக்கும் இதுதான். ஒருத்தனும் வரமாட்டான்" என்பார். உள்ளறையில் அரிசி மூட்டை, பருப்பு, மாத்திரை அட்டைகள் என்று சேர்ந்துகொண்டே போயின. கடைசியாக ஓர் ஆக்சிஜன் சிலிண்டரும் வந்தது. அறையைப் பூட்டிவைத்தார். தெருவே சிரித்தது.

போன சித்திரையில் ஒரு மத்தியானம் அக்பர் அலிக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். மகள் ஃபாயிஸா செருப்பில்லாமல் ஓடிவந்தாள்.

"மாமா, அத்தாவுக்கு மூச்சு விட ஏலல. சிலிண்டரக் குடுங்க மாமா."

பிரிட்டோவின் கை சட்டைப்பைச் சாவிக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது. குடுத்துட்டா, நாளைக்கு நம்ம மக மேரிக்கு?

"அது காலி சிலிண்டரும்மா" என்றார்.

அக்பர் அலி ஆம்புலன்ஸில் ஏற்றும்போதே போய்விட்டார்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் மகள் ஆனந்தமேரி கேட்டாள்: "நெசமாவே காலியாப்பா?"

அவர் சாவி இருந்த சட்டைப்பையைப் பொத்திக்கொண்டார்.

"அன்னைக்கு அம்மாவுக்கு இல்லேன்னு சொன்னவங்களும் இப்படித்தான் யாருக்கோ ஒளிச்சு வச்சுருந்தாங்களோ என்னமோ."

ஃபாயிஸாவிடம் உண்மையைச் சொல்லி அழுதுவிட்டு, சின்னாளப்பட்டியில் சித்தி வீட்டுக்குப் போனவள்தான். ஞாயிற்றுக்கிழமை பூசையில் கண்டால் ரெண்டு வார்த்தை பேசுவாள். வீட்டுப்படி மிதிப்பதில்லை.

அரிசியில் வண்டு விழுந்துவிட்டது. புடைக்க ஆளில்லை. சிலிண்டரை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று பிரிட்டோ ஒருநாள் ஆட்டோவில் ஏற்றினார். தெருமுனை தாண்டவில்லை, திரும்பிவந்து இறக்கிவைத்தார்.

யாரும் அவரைத் திட்டவில்லை. சிரிப்பதையும் விட்டுவிட்டார்கள். "ஆத்திர அவசரத்துக்கு யாரு தரப்போறா?" என்று அவரவர் வீட்டில் மூட்டை இறக்குகிறார்கள். ஃபாயிஸாவும் தன் அம்மாவுக்கென்று ஒரு சிலிண்டர் வாங்கி உள்ளே வைத்திருக்கிறாள்.